அருகில் உள்ள வாய்

ஓசூர் பாகலூர் சாலையில் பாதி எழும்பி நின்ற ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில், காலை ஒன்பதே கால் மணிக்கு, சுகந்தி ஒரு கொத்தனாரிடம் அவருடைய மகளுக்கு இனி டயாலிசிஸ் கிடையாது என்று சொன்னாள்.

சொன்னாள் என்பதெல்லாம் ஒரு பேச்சுக்குத்தான். சொன்னது அவள் வாய். அது என்ன சொல்லப் போகிறது என்பது, கையில் கரண்டியோடு நின்ற அந்த மனிதருக்கு எவ்வளவு தெரியுமோ, அவ்வளவுதான் அவளுக்கும் தெரியும். காதுக்குக் கீழே பதித்திருக்கும் பொத்தான் ஒரு முறை அதிரும். போனில் ஒரு முகவரி வரும். அந்த ஆளுக்குப் பத்தடி தூரத்துக்குள் போய் நின்றால் போதும். மீதியை நாக்கே பார்த்துக்கொள்ளும்.

"மதிப்பிற்குரிய திரு. முனிராஜ் அவர்களே" என்று அவள் வாய் ஆரம்பித்ததும் கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்தார். லுங்கியில் கையைத் துடைத்தார். திறந்து கிடந்த சட்டைப் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார். அந்த முதல் வார்த்தையைக் கேட்டால் எல்லோரும் இப்படித்தான். பெண்கள் தலைமுடியை ஒதுக்குவார்கள், ஆண்கள் சட்டையைச் சரிசெய்வார்கள். வரப்போவது இடி என்று தெரிந்தும் மரியாதையாக நின்று வாங்கிக்கொள்ளும் ஜனம் இது.

செய்தி முடிந்தது. "புரிந்ததா? புரிந்தது என்றால் 'ஆம்' என்று சொல்லவும்" என்றது வாய். முனிராஜ் பேசவில்லை. பத்து விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டு, வாய் மறுபடியும் 'மதிப்பிற்குரிய'விலிருந்து தொடங்கியது. மூன்று தடவை சொல்லி முடித்த பிறகுதான் அவர் "ஆம்" என்றார். சேவைக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று வாய் கேட்டது. அவர் சுகந்தியின் முகத்தைப் பார்த்து, "நீ நல்லா இருப்பியா?" என்றார். அந்தப் பதில் கணினிக்குப் புரியவில்லை. மறுபடியும் கேட்டது. "ஒண்ணு" என்று சொல்லிவிட்டு, மேல்முறையீட்டுக்கு ஓட வேண்டுமே என்று படியில் இரண்டிரண்டாக இறங்கினார். எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் மேல்முறையீடு செய்தால் பத்தில் நான்கு பேருக்குக் கிடைத்துவிடும். யாருக்குச் சிகிச்சை, யாருக்கு இல்லை என்று முடிவு செய்யும் வாரியத்துக்கும் இது தெரியும். நேரத்தை அவ்வளவு குறைவாக வைத்ததே அதனால்தான்.

இத்தனைக்கும் காரணம் மனிதாபிமானம்.

முன்பெல்லாம் இப்படிப்பட்ட முடிவுகள் போனுக்கு வந்து விழும். ஒருவன் பஸ்ஸில் போகும்போது அப்படி ஒன்றைப் படித்தான். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிரே வந்த லாரியின் முன்னால் போய் நின்றான். ஊர் கொதித்தது. சபையில் ஒரு மந்திரி அழுதார். கொடுமையான முடிவுகளை இனி ஒரு மனிதர்தான், நேரில், முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று சட்டம் வந்தது. நல்ல செய்திக்கு மனிதர் வேண்டியதில்லை, அது போனிலேயே வரும்.

சட்டம் போடுவது சுலபம். போய்ச் சொல்வது யார்? முதலில் வேலைக்கு எடுத்த ஆட்கள் வாசலில் நின்று அழுதார்கள். சிலர் சொல்லாமலே திரும்பி வந்தார்கள். 'எல்லாம் சரியாகிவிடும்' என்று சொந்தச் சரக்கைச் சேர்த்துச் சொன்னவர்களும் உண்டு. மனிதர் வேண்டும், மனம் வேண்டாம் என்பது அப்போதுதான் அதிகாரிகளுக்குப் புரிந்தது. ஆகவே ஒரு பொத்தானைக் கண்டுபிடித்து, ஆட்களின் நாக்கை மட்டும் வாடகைக்கு எடுத்துக்கொண்டார்கள். கம்பெனி வைத்த பெயர் 'குரல் முனை'. ஊர் வைத்த பெயர் வாய்.

வாரியம் மட்டும் என்றில்லை. காதலை முறித்துக்கொள்கிறவர்கள், ஆளை வேலையை விட்டு நிறுத்துகிற முதலாளிகள், அப்பாவை இனி வைத்துப் பார்க்க முடியாது என்று முடிவு செய்த பிள்ளைகள் என்று எல்லோருமே போனில் நாலு வரி தட்டி அனுப்பினார்கள். தன் வாயால் சொல்ல முடியாததற்குத்தானே இன்னொரு வாய். வாய் என்பதற்கு அடையாளமாகக் கழுத்தில் பச்சைப் பட்டை கட்டிய சுகந்தி தெருவில் நடந்தால், பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவார்கள். இரண்டரை வருடத்தில் அது அவளுக்குப் பழகிவிட்டது.

பழகாத ஒன்று இப்போது வந்து நின்றது.

அவள் கணவன் கோதண்டம் இருபத்திரண்டு வருடம் ஓர் இரும்பு வார்ப்பு ஆலையில் மணல் அச்சு உடைத்தவன். அந்த மணல் அவன் நுரையீரலில் போய்ப் படிந்துவிட்டது. நாற்பத்தாறு வயதில், மூக்கில் குழாயும் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் இயந்திரமுமாகக் கிடக்கிறான். மூளைக்குப் போகும் மூச்சு குறைந்ததால் நாளும் கிழமையும் தப்பிப்போயின. தினமும் காலையில் அவன் கேட்கும் முதல் கேள்வி, "இன்னிக்கு என்ன கிழமை சுகு?"

ஆய்வகத்தில் வளர்த்துப் பொருத்தும் வளர்ப்பு நுரையீரலுக்கு விண்ணப்பம் போட்டு எட்டு மாதம் ஆயிற்று. வரும் சனிக்கிழமைக்குள் முடிவு தெரிவிக்கப்படும் என்று சிகிச்சைத் தகுதி வாரியத்திலிருந்து குறுஞ்செய்தி வந்தது. கிடைத்தால் போன் மணி அடிக்கும். கிடைக்காவிட்டால் ஒரு வாய் வாசலுக்கு வரும்.

"எவன் வேணா வந்து சொல்லட்டும்" என்றான் கோதண்டம். இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு வாங்கினான். "நீ மட்டும் சொல்லாத."

"நான் ஏங்க சொல்லப் போறேன்?"

"உனக்குத்தான் வருமே... அது யாரு எவருன்னா பாக்குது? நீ அதைச் சொல்லிட்டன்னு வெச்சுக்க, அப்புறம் நீ சாப்பிட வாங்கன்னு கூப்பிட்டாக்கூட எனக்கு அந்தக் குரல்தான் கேக்கும். இருக்கற கொஞ்ச நாளுக்கு உன் பேச்சாச்சும் மிஞ்சட்டும்டி."

அவன் கேட்டது அது ஒன்றைத்தான். எட்டு மாதத்தில் அவன் வேறு எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

மறுநாள் சுகந்தி நூர்தீனைப் பிடித்தாள். இந்த வட்டாரத்து வாய்களுக்கெல்லாம் பொத்தான் பதிப்பதும் பழுது பார்ப்பதும் அவன்தான். நல்ல பையன், ஆனால் நாக்கில் எலும்பில்லாதவன். டீக்கடை பெஞ்சில் அவள் பொத்தானுக்குள் எண்ணெய் விட்டுத் துடைத்தபடியே விளக்கம் சொன்னான்.

"அந்தக் காலத்து ஆபீஸ்ல பிரிண்டர் இருக்குமே, பாத்திருக்கீங்களாக்கா? ஒரு கம்ப்யூட்டரைப் புதுசா கொண்டாந்து வெச்சா, அது நெட்வொர்க்ல ஒரு குரல் விடும். இங்க பிரிண்டர் யாராச்சும் இருக்கீங்களான்னு கேக்கும். இருக்கற பிரிண்டரெல்லாம் பதில் சொல்லும். நான் இருக்கேன், கலர் போடுவேன், ரெண்டு பக்கமும் அடிப்பேன், இப்போ சும்மாதான் இருக்கேன் அப்படின்னு. உடனே கம்ப்யூட்டரே அதைச் சேத்துக்கிட்டு வேலையை அனுப்பிடும். யாரும் யாரையும் அறிமுகப்படுத்த வேண்டாம், எண்ணு போட வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அதே புரோகிராம்தாங்க்கா இது. பேப்பர் போயி நாக்கு வந்திருக்கு, அவ்வளவுதான்."

"நான் என்னன்னு பதில் சொல்றேன்?"

நூர்தீன் தன் கைக்கருவியைப் பார்த்துப் படித்தான். "சுகந்தி. பெண் குரல். தமிழ், தெலுங்கு நல்லா வரும், கன்னடம் சுமார். கண்ணீர் உண்டு. இப்போ சும்மா இருக்கு."

கண்ணீர் என்பது போன வருடம் வந்த வசதி. செய்தி அனுப்புகிறவர் விரும்பினால் அதையும் சேர்த்து அனுப்பலாம். எட்டாவது வரியில் வாயின் கண்கள் கலங்கும்.

"வேலை வந்தா யாருக்குப் போகும்?"

"யாரு பக்கத்துல இருக்காங்களோ, யாரு சும்மா இருக்காங்களோ, அவங்களுக்கு."

"அது என் வீட்டுக்காரர்னு அதுக்குத் தெரியாதா நூர்தீன்?"

"பிரிண்டருக்கு ஏதுக்கா புருஷன்?" என்று சிரித்துவிட்டான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "மன்னிச்சுக்கங்கக்கா. அதுல உறவுன்னு ஒரு கட்டமே கிடையாது. நீங்க பக்கத்துல இல்லாம இருங்க. வேற ஒரு வாயைப் பக்கத்துல உக்கார வைங்க. அவங்களுக்குப் போயிடும்."

கிரேஸ் உடனே ஒத்துக்கொண்டாள். சுகந்தியும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், பட்டை கட்டிய கழுத்துக்கு இன்னொரு பட்டை கட்டிய கழுத்துதான் துணை. "நான் பாத்துக்கறேன்டி. உன் ஆளுக்கு எதுனா வந்தா என் வாயாலேயே வந்துட்டுப் போகட்டும். திட்டுனா நான் வாங்கிக்கறேன். எனக்கென்ன புதுசா?" என்றாள்.

அப்படியே ஏற்பாடானது. வியாழக்கிழமை விடியற்காலையில் சுகந்தி நான்கு நாள் விடுப்புப் போட்டுவிட்டு, பொத்தானை அணைத்துவிட்டு, கிருஷ்ணகிரியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் பஸ் ஏறினாள். அணைத்தால் போதும் என்றுதான் நூர்தீன் சொன்னான். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. தன் உடம்பில் இருந்தாலும் அது தன்னுடைய பொருள் இல்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தால்தான் மனசு ஆறும் போலிருந்தது.

கிரேஸ் காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை, அவர்கள் வீட்டு வாசலுக்கு எதிரே நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பூண்டு உரித்தபடி உட்கார்ந்திருந்தாள். வேளாவேளைக்குக் கோதண்டத்துக்குக் கஞ்சி கொடுத்தாள். சுகந்தி மணிக்கொரு தரம் போன் போட்டாள்.

"ஒண்ணும் வரலடி" என்றாள் கிரேஸ் வியாழக்கிழமை மதியம்.

"ஒரு அதிர்வுகூட இல்ல" என்றாள் வெள்ளிக்கிழமை.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் குரலே மாறியிருந்தது. "அடியே, ஆபீஸ் நேரம் முடிஞ்சிடுச்சு. பொத்தான் நல்லாத்தான் இருக்கு, நடுவுல பக்கத்துத் தெருவுல ஒரு டைவர்ஸ் சொல்லிட்டு வந்தேன். உன் வீட்டுக்கு மட்டும் ஒண்ணும் இல்ல. வரணும்னா வந்திருக்கும்டி. உன் புருஷனுக்கு யோகம்."

சுகந்தி தங்கை வீட்டு மொட்டை மாடியில் நின்று அழுதாள். சந்தோஷத்தில் அழுது எவ்வளவு காலமாயிற்று என்று அவளுக்கே நினைவில்லை. ஆனால் போனிலும் மணி அடிக்கவில்லையே என்று நூர்தீனைக் கேட்டாள்.

"நல்ல செய்திக்கு எவனுக்குக்கா அவசரம்? அது ரெண்டு நாள் தேங்கி நின்னுட்டு வரும். கெட்டது தேங்கவே தேங்காது" என்றான் அவன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஓசூர் திரும்பினாள். கோதண்டம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கிரேஸ் கையால் சவரம் ஆகியிருந்தது. கன்னத்தில் இரண்டு இடத்தில் வெட்டு. "புது நுரையீரல் வந்தா மொதல்ல என்ன பண்ணுவேன் தெரியுமா? நம்ம ஊர் மலையில ஏறி ஒரு விசில் அடிப்பேன்" என்றான். இரவு அவனுக்கு ஒரு முழு தோசை உள்ளே போனது.

திங்கட்கிழமை காலை ஏழு ஐம்பத்தெட்டு.

முடிவை எதிர்பார்த்துக் காத்திருந்த வாரங்களில் எல்லாம் சுகந்தி தெருமுனை தாண்டிப் போய்த்தான் பொத்தானைப் போடுவாள். எட்டு மணிக்குள் போட்டால்தான் வருகை பதிவாகும். அன்று தோசைக் கல்லை இறக்கிவைத்துக்கொண்டிருந்தாள், நேரமாகிவிட்டது, பயப்படவும் ஒன்றும் இல்லை. காதுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினாள்.

"இன்னிக்கு என்ன கிழமை சுகு?" என்று உள்ளேயிருந்து கேட்டான் கோதண்டம்.

திங்கள் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள்.

"மதிப்பிற்குரிய திரு. கோதண்டம் அவர்களே" என்றது வாய். "வணக்கம். வளர்ப்பு நுரையீரல் வேண்டித் தாங்கள் அளித்த விண்ணப்பம் சிகிச்சைத் தகுதி வாரியத்தால் கனிவுடன் பரிசீலிக்கப்பட்டது."

சுகந்தி கையால் வாயைப் பொத்தினாள். விரல்களுக்கு இடையிலும் அது பேசியது. வாசலுக்கு ஓடப் பார்த்தாள். பேச்சு தொடங்கிவிட்டால் கால்கள் கேட்பவரின் பக்கம்தான் போகும். முன்பு நடுவில் ஓடிப்போன வாய்களை நினைவில் வைத்துக் கம்பெனி செய்த ஏற்பாடு அது. அவள் கட்டிலுக்கு முன்னால் வந்து, கைகளைக் கட்டி, நேராக நின்றாள்.

"தங்கள் வயது, தொழில்திறன், எஞ்சியுள்ள உழைப்புக் காலம் ஆகியவற்றைக் கருத்தில் கொண்டு, விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. தற்போது வழங்கப்பட்டு வரும் ஆக்சிஜன் உதவி இம்மாத இறுதியுடன் நிறைவுபெறும். இம்முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யத் தங்களுக்கு முழு உரிமை உண்டு. இவ்வாணை வெளியிடப்பட்ட வியாழக்கிழமை காலை பதினொரு மணியிலிருந்து எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் மேல்முறையீடு செய்யப்பட வேண்டும். தங்கள் வேதனையில் வாரியம் பங்குகொள்கிறது."

எட்டாவது வரி வந்ததும் அவள் கண்கள் கலங்கின. கன்னத்தில் வழிந்தது.

"புரிந்ததா? புரிந்தது என்றால் 'ஆம்' என்று சொல்லவும்."

கோதண்டம் அவள் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தான். "அது உன்னோடதா..." மூச்சு வாங்கினான். "இல்ல, அவங்களோடதா?"

அவளால் பதில் சொல்ல முடியவில்லை. வாய் அவளிடம் இல்லை. இருந்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பாள்? வாரியம் கண்ணீரைக் கேட்டு அனுப்பியிருந்தது. அவளுக்கும் அழுகை வந்தது. இரண்டும் வருகிற வழி ஒன்றுதான், எது எவருடையது என்று அவளுக்கே தெரியவில்லை.

பத்து விநாடி முடிந்தது. "மதிப்பிற்குரிய திரு. கோதண்டம் அவர்களே..."

"ஐயோ, போதும்" என்றான் அவன். வாய் நிற்கவில்லை. இரண்டாவது தடவை முழுவதையும் சொன்னது. அவள் கண்கள் அவனைக் கெஞ்சின. அது முடிந்த நொடியே அவன் "ஆம்" என்றான். ஐந்துக்கு எத்தனை என்று கேட்டதும், கொஞ்சமும் யோசிக்காமல் "அஞ்சு" என்றான். மூன்றுக்குக் கீழே தொடர்ந்து வந்தால் அவளை ஒரு வாரம் மறுபயிற்சிக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது அவனுக்குத் தெரியும்.

சுகந்திக்கு வாய் திரும்பக் கிடைத்தது. சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நூர்தீனுக்குப் போன் போட்டாள்.

"வியாழக்கிழமை வந்தது ஏன்டா கிரேசுக்குப் போகல?"

அவள் அவனை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. அவன் கருவியைத் தட்டும் சத்தம் கேட்டது.

"அக்கா... பொத்தான் வெச்ச அன்னிக்கு, சோதனை வாக்கியம் எங்க சொன்னீங்க?"

"எங்க சொல்லுவாங்க? எல்லாரும் வீட்டுலதான சொல்லுவோம்."

உண்மைதான், எல்லா வாய்களும் அப்படித்தான் செய்வார்கள். பொத்தான் பதித்ததும், சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு வாக்கியத்தை அது பேசிக் காட்ட வேண்டும். ஆபீசிலேயே அதை முடிக்கச் சொல்லித்தான் விதி. ஆனால் வாய் வேலைக்கு வரும் பெண்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. இனி இந்த வாயிலிருந்து வரப்போவதெல்லாம் கெட்டதுதான், முதல் வார்த்தையாவது நல்லதாக, நம் வீட்டு ஆள் காதில் விழட்டும் என்று வீட்டுக்கு ஓடி வந்துவிடுவார்கள். சுகந்தி கேசரி கிளறி வைத்துவிட்டு, கோதண்டத்தை நாற்காலியில் உட்காரவைத்து, அந்த வாக்கியத்தை அவனிடம் சொன்னாள். 'வணக்கம். எல்லாம் நல்லபடியாக இருக்கிறது.' அப்போது அவன் நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். வயிறு குலுங்கச் சிரித்து, "ஆம்" என்று சொன்னான்.

"அதை அது ஒரு வேலையா எழுதிக்கிச்சுக்கா" என்றான் நூர்தீன். அவன் குரல் உள்ளே போயிருந்தது. "ஒரு ஆளுக்கு முதல்ல சேதியை ஒழுங்கா கொண்டுபோய்ச் சேத்த வாய் எதுவோ, அதுதான் அந்த ஆளுக்கு எப்பவும். பழைய கம்ப்யூட்டரும் அப்படித்தான், ஒரு தடவை அடிச்ச பிரிண்டரையே பிடிச்சுக்கும். பக்கத்துல இன்னொண்ணு சும்மா கிடந்தாலும் அதைப் பாக்காது. இது அணைஞ்சு இருந்தா, வரட்டும்னு வரிசையில வெச்சுக்கிட்டு காத்திருக்கும். எனக்குத் தெரியாதுக்கா, சத்தியமா. யாரும் ஒரே ஆளுக்கு ரெண்டாவது தடவை போனதில்ல, அதனால யாருக்கும் தெரியல... அழிச்சுடட்டுமா இப்போ?"

"அழிச்சு?" என்று கேட்டுவிட்டுச் சுகந்தி போனை வைத்தாள்.

அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். எண்ணத் தேவையே இல்லை, இருந்தாலும் எண்ணினாள். வியாழன் பதினொன்றிலிருந்து வெள்ளி பதினொன்று. வெள்ளியிலிருந்து சனி. சனியிலிருந்து ஞாயிறு பதினொன்று. அந்த நேரத்தில் அவள் கிருஷ்ணகிரியில், தங்கையோடு உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பத்தில் நான்கு பேருக்குக் கிடைக்கும். கொத்தனார் முனிராஜுக்கு ஓடுவதற்கு நேரம் இருந்தது. அவளே போய்க் கொடுத்துவிட்டு வந்த நேரம் அது. தன் வீட்டுக்கு வந்ததைத்தான் தொண்டைக்குள் பூட்டி வைத்துக்கொண்டு ஊர் சுற்றியிருக்கிறாள்.

"சுகு" என்று உள்ளேயிருந்து அழைத்தான் கோதண்டம். அவள் போனாள்.

அவன் கால்களைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். முகத்தில், என்ன கொடுமை, ஒரு தெளிவு இருந்தது. "எழுபத்திரண்டு மணி நேரம்னு சொன்னியே. மேல்முறையீடு. வியாழக்கிழமைன்னுதான சொன்ன? அப்போ இன்னும் இருக்குல்ல?" நின்று மூச்சை இழுத்துக்கொண்டான். "உன் வாயால வந்தது வந்துடுச்சு, விடு. நீ என்ன பண்ணுவ பாவம். அந்த நீலச் சட்டையை எடு. ஆட்டோ சொல்லு. நேர்ல போயி நிப்போம். ஆளைப் பாத்தா மனசு இளகும்."

அவள் நீலச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். ஆக்சிஜன் குழாய் சிக்காமல் அவன் கைகளை ஒவ்வொன்றாக உள்ளே விட்டாள். பொத்தான் போட அவனுக்குத் தெம்பில்லை, சட்டை திறந்தே கிடந்தது.

"என்ன கிழமை இன்னிக்கு? சொல்லவே இல்லையே நீ."

சுகந்தி வாயைத் திறந்தாள். வாய் அவளுடையதுதான் இப்போது. நாக்கும் அவளுடையதுதான். ஒரு வார்த்தை, திங்கள் என்கிற ஒரே ஒரு வார்த்தை, வரவில்லை. இரண்டரை வருடத்தில் ஆயிரம் வீட்டில் சொன்ன வாய் அது. அதில் ஒன்றைக்கூடச் சொன்னது அவள் இல்லை. இப்படி ஒன்றை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியாது என்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"தண்ணி கொண்டாரேன்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சமையலறைக்கு வந்தாள்.

போனை எடுத்தாள். பொதுமக்கள் அனுப்பும் பக்கத்தைத் திறந்தாள். யாருக்கு என்ற இடத்தில் அவன் பெயரை எழுதினாள். கீழே இருந்த கட்டத்தில் தட்டினாள்: 'இன்று திங்கட்கிழமை. மேல்முறையீட்டு நேரம் நேற்றே முடிந்துவிட்டது. உத்தரவு வியாழக்கிழமையே வந்தது. நான் ஒளிந்துகொண்டதால் அது உங்களிடம் வந்து சேரவில்லை.'

ஒரு சின்ன வட்டம் சுழன்றது. 'அருகில் உள்ள வாய்களைத் தேடுகிறது' என்று காட்டியது. தேட அதிக நேரம் ஆகவில்லை.

'ஒன்று கிடைத்தது. சுகந்தி. தமிழ், தெலுங்கு. இப்போது சும்மா இருக்கிறது. கண்ணீர் வேண்டுமா?'

அவள் 'வேண்டாம்' என்பதை அழுத்தினாள். பிறகு ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கால்கள் தாமாகவே கட்டிலுக்கு எதிரே போய் நின்றன.

"மதிப்பிற்குரிய திரு. கோதண்டம் அவர்களே" என்றது அவள் வாய்.

கோதண்டம் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பிறகு சட்டைப் பொத்தான்களைக் கீழிருந்து ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தான்.